நந்தி இல்லாத கரை: மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போன ஒரு தர்மபுரிச் சிற்றூர்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் எழுபது அடியை ஒட்டி இறங்கினால் போதும், பத்திரிகைகளில் அந்தப் படம் வந்துவிடும். பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். சேலத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து செல்ஃபி எடுத்து, வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதே நாளில் எதிர்க்கரையிலும், அதாவது தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து நாகமரை, ஒட்டனூர் கரையிலும், தண்ணீர் அதே அளவுதான் இறங்கியிருக்கும். அங்கேயும் ஊர்கள் இருந்தன. படம் எடுக்கத்தான் ஒன்றும் இருக்காது. வெடித்த வண்டல், சிப்பி ஓடு, சீமைக்கருவேல், அங்கங்கே உழுது போட்ட துண்டு நிலம்.

இந்த ஆய்வு அந்தக் கரையில் இருந்த ஒரு சிறிய ஊரைப் பற்றியது. முப்பது, நாற்பது வீடு இருந்திருக்கும் என்பார்கள். என் ஆயா பிறந்த ஊர். பெயரை எழுதவில்லை, அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் பேரன்களும் தண்ணீர் வற்றும் காலத்தில் இன்றும் அங்கே பயிர் வைக்கிறார்கள். சட்டப்படி அது அரசின் நீர்ப்பிடிப்புப் பகுதி. நான் எழுதப்போய் யார் வீட்டுக்கும் நோட்டீஸ் வர வேண்டாம்.

மூழ்கிய ஊர்களை நினைவில் வைத்திருப்பதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். கவனித்துப் பார்த்தால், கல் கட்டடம் இருந்த ஊர்களை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். மண்சுவரும் கூரையுமாக இருந்த ஊர் முதல் வெள்ளத்திலேயே கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரிய எதுவும் மிஞ்சாத ஊரை எங்கே தேடுவது என்பதுதான் என் கேள்வி. அந்தத் தேடலில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

அணை வந்த கதை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பலருக்கும் தெரிந்ததுதான். காவிரியின் குறுக்கே மேட்டூரில் அணை கட்டும் யோசனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. மைசூர் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் உடன்பாடு கையெழுத்தான பிறகுதான் வழி பிறந்தது. 1925 ஜூலையில் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று சென்னை ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நிரம்பினால் தண்ணீர் பரவும் இடம் 59.25 சதுர மைல்.

கடைசி எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். டி.எம்.சி. கணக்கு தினமும் செய்தியில் வருகிறது, அது டெல்டாவுக்கான கணக்கு. சதுர மைல் எங்களுக்கான கணக்கு. அந்த ஐம்பத்தொன்பது சதுர மைலில் ஆற்று மணல் போக மீதியெல்லாம் யாரோ உழுத நிலம், மாடு மேய்ந்த காடு, குடியிருந்த மனை. ஜூன் 12 அன்று மதகு திறந்தால் பதினாறு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்கிறார்கள். பின்னாளில் வந்த கிழக்கு, மேற்குக் கால்வாய்களால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாய்கிறது. நிலம் கொடுத்த பென்னாகரம் மேட்டுக்கு ஒரு வாய்க்கால்கூட வரவில்லை. வரவும் முடியாது, தண்ணீர் பள்ளத்தில் நிற்கிறது, நாங்கள் மேட்டில் நிற்கிறோம்.

கிருஷ்ணகிரியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். தென்பெண்ணையில் கே.ஆர்.பி. அணை 1957-ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது முடிந்தது. 52 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், 9,012 ஏக்கர் பாயும் சிறிய அணை. அங்கேயும் நிலம் போனது. ஆனால் பாசனம் பெற்றதும் பெரியமுத்தூர், காவேரிப்பட்டணம் என்று பக்கத்து ஊர்கள்தான். நிலம் இழந்தவரின் மச்சான் வயலில் வாய்க்கால் ஓடும். இழப்பை யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம், சண்டையாவது போடலாம். மேட்டூரில் இழந்தவர் பென்னாகரத்தில், பெற்றவர் தஞ்சாவூரில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இந்தக் கரையின் கதை பொதுப் பேச்சில் ஏறாமலே போனதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஏறியவை

ஆயா சொன்ன ஊர் இது. ஆற்றங்கரை மேட்டில் இரண்டு வரிசை வீடுகள், நடுவில் வண்டிப் பாதை. மண்சுவர், மேலே மஞ்சம்புல்லோ கரும்புத்தோகையோ வேய்ந்த கூரை. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும், கரையோரம் மட்டும் கொஞ்சம் நெல். ஆலம்பாடி மாடுகள். வெயில் காலத்தில் ஆறு இடுப்பளவுக்கு இறங்கிவிடும், மேல்கரைக்கு, அதாவது எதிரே உள்ள மேற்குக் கரைக்கு, நடந்தே போய் வருவார்கள். ஆயாவின் அக்காவை மேல்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். “காலைல களி தின்னுட்டுப் போனா, மாடு கட்டற நேரத்துக்குத் திரும்பி வந்துடுவோம்” என்பாள்.

நிலம் எடுத்தது 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி. முதலில் அரசிதழில் நான்காம் பிரிவு அறிவிப்பு, பிறகு ஆறாம் பிரிவு, அப்புறம் விசாரணை, கடைசியில் இழப்பீடு எவ்வளவு என்று முடிவு சொல்லும் தீர்வம். சந்தை மதிப்பு எவ்வளவோ அவ்வளவு, கட்டாயமாக எடுப்பதற்காக அதன் மேல் நூற்றுக்குப் பதினைந்து. அத்தோடு சட்டத்தின் கடமை முடிந்தது. எங்கே போய்க் குடியிருப்பார்கள் என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் கிடையாது. பட்டாவில் பெயர் இருந்தவருக்குப் பணம் வந்தது. வாய்ப்பேச்சில் குத்தகை உழுதவரும் பண்ணையாளும் வெறுங்கையோடுதான் கிளம்ப வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பணம் மேட்டுப் பக்கம் மானாவாரி நிலம் வாங்கப் போதுமானதாக இருந்தது என்று ஆயா சொல்லுவாள். உடனே, “அது நெலமா, பாறை” என்றும் சேர்த்துக்கொள்வாள்.

மண்சுவரை வண்டியில் ஏற்ற முடியாது. மரத்தை ஏற்றலாம். கூரையைப் பிரித்து விட்டங்களை எடுத்தார்கள், வாசல் நிலையைப் பெயர்த்தார்கள். அப்படி வந்த ஒரு வேப்ப நிலை ஆயாவின் தம்பி வீட்டில் இப்போதும் இருக்கிறது. மேல்கட்டையில் மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பிக் கறுத்துத் தார் மாதிரி ஆகிவிட்டது. வலது கால் மரத்தில் தாழ்ப்பாள் குச்சி போய்ப் போய்த் தேய்ந்த பள்ளத்தில் கட்டைவிரல் முழுதாக உட்காரும். அடிப்பக்கத்தைக் கரையான் தின்றதால் ஒரு ஜாண் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். கான்கிரீட் வீடு கட்டியபோது, இந்த நிலை ஏழடிக்கு வராது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். தூக்கிப்போட மனசு வராமல் மாட்டுக்கொட்டகைக்கு வைத்தார்கள். இப்போது கொட்டகைக்குள் நுழைய எல்லோரும் குனிய வேண்டியிருக்கிறது, மாட்டைத் தவிர.

நிலைக்கு அடுத்து மிக முக்கியமாக வந்தது பிடிமண். ஊருக்கு மேற்கே புளியமரத்தடியில் முனியப்பன். கட்டடம் எதுவும் இல்லை, நட்ட கல்லும் வேலும்தான். அந்த இடத்து மண்ணை ஒரு கைப்பிடி மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து புது இடத்தில் போட்டுப் பூசை தொடங்கினார்கள். ஏன் கல்லையே கொண்டுவரவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “சாமி மண்ணுலதான் இருக்குது, கல்லு அடையாளத்துக்கு” என்றார் பூசாரி. நீர்த்தேக்கத்தைப் பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் இல்லை.

வீட்டையே தூக்கி வைத்தவர்கள்

கனடாவில் இதே போன்ற ஒன்று வேறு விதமாக நடந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கப்பல் போகும் நீர்வழிக்கும் மின்சாரத்துக்குமாக அணை கட்டி, 1958 ஜூலை 1 அன்று கரையோர நிலத்தில் தண்ணீரை விட்டார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் கார்ன்வால் நகரத்துக்குப் பக்கத்தில் பத்துச் சிற்றூர்கள் போயின. ஏறக்குறைய 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். அங்கே பெரும்பாலும் மர வீடுகள் என்பதால் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளை அடியோடு தூக்கி, பெரிய வண்டிகளில் ஏற்றி, இங்கிள்சைட், லாங் சால்ட் என்ற புது ஊர்களில் கொண்டுபோய் வைத்தார்கள். ‘தொலைந்த ஊர்கள்’ என்ற பெயரில் இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இதைப் படித்தபோது பொறாமைதான் வந்தது. யோசித்தால், வீட்டைத் தூக்கினாலும் தெருவைத் தூக்க முடியாது என்பதும் தெரிகிறது. பக்கத்து வீடு வேறு ஆளுடையதாகிவிடும், வாசல் வேறு திசை பார்க்கும். ஆனாலும் பிள்ளைகளிடம் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு வீடு இருக்கிறது.

இந்தப் பக்கம் கல்லுக்கு இருக்கும் மரியாதைக்கு கிருஷ்ணராஜசாகரே சாட்சி. அந்த அணையில் மூழ்கிய கண்ணம்பாடியின் வேணுகோபால சுவாமி கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மேட்டில் மறுபடி கட்டிவிட்டார்கள். நல்ல காரியம், போய்ப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். கண்ணம்பாடியில் அந்தக் கோயிலைச் சுற்றிக் குடிசை போட்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கோயிலில் யாரைக் கேட்டாலும் தெரியாது.

தூரம் நீண்டது

எங்கள் ஊருக்கு நேர்ந்தவற்றில் நிலம் போனதைவிடப் பெரிதாக ஆயா பேசியது அக்காவைப் பற்றித்தான். முன்பு நடந்து கடந்த ஆறு ஏரியாக விரிந்துவிட்டது. பரிசல் இல்லாமல் போக முடியாது. காற்றுக் காலத்தில் பரிசலும் ஓடாது. சாலை வழியே என்றால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நாகமரைக்கும் பண்ணவாடிக்கும், ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே இன்றும் பரிசலும் படகும் ஓடுவது இதனால்தான். பாலம் கேட்டு இரு கரைக்காரர்களும் பல காலமாக மனு கொடுத்து வந்திருக்கிறார்கள்.

அணைக்குப் பிறகு அக்கா, தங்கை இருவரும் பார்த்துக்கொண்டது கல்யாணம், சாவு என்று சில தடவைகள்தான். ஆயா தலைமுறை வரை மேல்கரையில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் சாதாரணம். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு சம்பந்தம்கூட அக்கரையில் இல்லை. இழப்பீட்டுக் கணக்கில் ஏக்கர் உண்டு, மரம் உண்டு, கிணறு உண்டு. தூரத்துக்குப் பத்தி இல்லை. அணை என்றால் வீட்டை எடுப்பது என்று மட்டும் நினைக்கிறோம். இந்தப் பக்கம் அது உறவு முறையின் வரைபடத்தையே மாற்றியிருக்கிறது. இரு கரை ஊர்களின் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் மொய் நோட்டுகளையும் யாராவது உட்கார்ந்து பார்த்தால் எந்த வருஷத்தில் கோடு விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஆராய்ச்சி மாணவர்கள் யாரேனும் எடுத்துச் செய்யலாம், நல்ல வேலை.

தண்ணீருக்குள் இருக்கும் ஊரை அளப்பது

ஊர் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க ஆவணத்தில் இறங்கினால் ஓரளவு தேறும். நில எடுப்பு அறிவிப்புகள் அன்றைய ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டில் வந்தவை. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். தேடும்போது மறக்கக் கூடாத ஒன்று, தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்றுதான் பிறந்தது, அதற்கு முன் எல்லாம் சேலம் மாவட்டம். தர்மபுரி என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவீர்கள். செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண்ணும் தீர்வையும் இருக்கும். வீடுகள் இருந்த இடம் ‘கிராம நத்தம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஊர் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான்.

இன்னொரு வழி அணையே தருகிறது. மேட்டூரின் முழு நீர்மட்டமான 120 அடி என்பது கடல்மட்டத்திலிருந்து 790 அடி. அப்படியென்றால் அணையின் பூஜ்யம் 670 அடியில் இருக்கிறது. தினமும் செய்தியில் வரும் நீர்மட்டத்தோடு 670-ஐக் கூட்டினால், அன்றைக்குக் கரையோரமாக ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் தரையின் உயரம் வந்துவிடும். பழைய உரல், கிணற்று விளிம்பு, மரத்தின் அடிக்கட்டை என்று எது வெளியே தெரிந்தாலும், தெரிந்த தேதியை மட்டும் குறித்துவைத்தால் போதும். கருவி எதுவும் வேண்டாம்.

எங்கள் ஊரில் அப்படித் தெரிவது ஓர் உரல். தண்ணீர் ஐம்பது அடிக்குக் கொஞ்சம் கீழே போனால்தான் வெளியே வரும். ஊரின் தரை 720 அடி உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அணை நிரம்பினால் அதன் தலைக்கு மேல் எழுபதடித் தண்ணீர். நந்தி எழுபதிலேயே தெரிந்துவிடுகிறது, எங்கள் உரலுக்கு இன்னும் இருபது அடி இறங்க வேண்டும். காவிரி பொய்த்த வருஷத்தில்தான் அது நடக்கும். டெல்டாவில் குறுவை போச்சே என்று அழும் கோடையில்தான் எங்கள் ஆட்களுக்கு ஊரைப் பார்க்கக் கிடைக்கும். இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

உரல் பாதிக்கு மேல் வண்டலில் புதைந்திருக்கிறது. குழியில் களிமண் இறுகி, அதில் விரல் நகம் அளவுச் சிப்பிகள் வட்டமாகப் பதிந்திருந்தன. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, எப்போதும் ஒரே பக்கமாக நின்று குத்தியிருப்பார்கள் போல. என்னோடு வந்த பெரியவர், எழுபதைத் தாண்டியவர், அணைக்குப் பிறகு பிறந்தவர், உரலிலிருந்து நாலு எட்டு நடந்துபோய் நின்றார்.

“இது எங்க வாசல் தம்பி.”

“எப்படிங்க ஐயா சொல்றீங்க?”

“எங்கப்பன் சொல்லும். ஒரலுக்கு வடவண்ட நாலு எட்டு, அங்கதான் காளை கட்டும்னு. எனக்குக் காட்டிட்டுத்தான் செத்துச்சு.”

பிறக்கும் முன்பே போன வாசலை நாலு எட்டுக் கணக்கில் தந்தை மகனிடம் ஒப்படைத்திருக்கிறார். மகனும் அந்த வாசலில் நின்று பெருமூச்செல்லாம் விடவில்லை. அங்கிருந்து கிழக்கே எவ்வளவு தூரம் தன் பாத்தி வரும் என்று அளக்கத்தான் வந்திருந்தார். நீர் வற்றிய இடத்தில் கம்பு, எள், கேழ்வரகு என்று போடுவது இரு கரையிலும் பழக்கம். வண்டல் மண், உரம் அதிகம் வேண்டாம். இந்த நிலத்தில் யார் எங்கே உழுவது என்பதற்குப் பட்டா கிடையாது. எங்கள் ஆட்கள் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய எல்லையைத்தான் கணக்காக வைத்திருக்கிறார்கள், அதில் பெரிய தகராறும் வந்ததில்லை. ஒப்பந்தம் தண்ணீரோடுதான் செய்ய வேண்டியிருக்கிறது. மேலே மழை கொட்டினால் அறுவடைக்கு முன்பே ஏறிவிடும். 2018-ல் அப்படித்தான், கோடையில் வெறும் காடாகக் கிடந்த இடம் ஜூலை 23 அன்று அணை 120 அடியைத் தொட்டபோது பரிசல் ஓடும் ஏரியாகியிருந்தது.

அதற்கு முந்தைய வருஷம், 2017-ல், நீர்மட்டம் இருபது சொச்சம் அடிக்குப் போய்விட்டது. அணை கட்டியதிலிருந்து முதல் தடவையாகத் தூர்வாரும் வேலை அப்போது தொடங்கியது. விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொள்ளலாம் என்றார்கள். அணைக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது, அதில் மறுபேச்சு இல்லை. எனக்கு உறுத்தியது ஒன்றுதான். வண்டலோடு பானை ஓடும் அம்மிக் குழவியும் வரும் இடங்களில் அள்ளுவதற்கு முன் ஒரு தடவை நடந்து பார்த்து, இருப்பதை எழுதி வைக்க ஓர் ஆளைப் போட்டிருக்கலாம். அதற்கு எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்?

பொங்கல் வரிசை

ஊரின் உள்ளமைப்பு, அதாவது யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்பது, எந்த ஆவணத்திலும் இல்லை. அது எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. புது இடத்து முனியப்பனுக்கு வருஷம் ஒரு முறை பொங்கல் வைக்கும்போது அடுப்புகள் இரண்டு வரிசையாகப் போடப்படும். யார் அடுப்பு எங்கே என்பது மாறவே மாறாது. ஒரு குடும்பம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் அந்த வருஷம் வர முடியாமல் போனால், அந்த இடம் காலியாகத்தான் விடப்படும், பக்கத்து அடுப்பு நகர்ந்து வராது. சின்ன வயதிலிருந்து பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை. ஊர்க்கவுண்டர் வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டபோது சர்வ சாதாரணமாகச் சொன்னார்: “வீடு இருந்த மாதிரிதானே அடுப்பு வெக்கணும்.”

இரண்டு வரிசை, நடுவில் வண்டிப் பாதை. ஆயா சொன்ன அதே ஊர். அந்த வருஷம் நோட்டுப் புத்தகத்தோடு போய் அடுப்புகளை வரிசைப்படி எழுதினேன். உரல் இருந்த இடத்தையும் பெரியவர் காட்டிய வாசலையும் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்துகிறது. கல் கோயில் இருந்திருந்தால் இந்த வரிசையை இவ்வளவு கறாராகக் காப்பாற்றியிருப்பார்களா என்பது சந்தேகம். காட்ட ஒரு கட்டடம் இருக்கும்போது மனிதர்கள் மறப்பதற்குத் துணிந்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்த வரைபடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காலனிக்காரர்களின் அடுப்புகள் இந்த இரண்டு வரிசையில் கிடையாது, அவர்கள் தனியே வேறு நாளில் வைக்கிறார்கள். பழைய ஊரிலும் அவர்கள் குடியிருப்பு தள்ளித்தான் இருந்திருக்கிறது. ஆயாவின் கதைகளில் அவர்கள் வேலைக்கு வருவார்கள், பறை அடிக்க வருவார்கள், வீடு மட்டும் இருக்காது. இழப்பீட்டுப் பதிவுகளிலும் நிலம் இல்லாதவர் வர மாட்டார். அதனால் ஊரார் நினைவு, அரசாங்கப் பதிவு இரண்டிலும் ஒரே ஆட்கள்தான் விடுபடுகிறார்கள். மண்சுவர் ஊர்களை மறந்தோம் என்று நந்தியைப் பார்த்துக் குறை சொல்லும் நாங்களே அந்த ஊருக்குள் இன்னொரு ஊரை மறந்துவிட்டோம்.

அங்கே போய்க் கேட்டபோது கிடைத்த ஊர் வேறாக இருந்தது. அவர்கள் நினைவில் ஊரின் நடுப்புள்ளி முனியப்பனோ வண்டிப் பாதையோ இல்லை, ஓர் ஓடை. கிணற்றில் அவர்களை விடாததால் ஓடையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். ஊற்று எங்கே எடுத்தால் எந்த மாசம் வரை வரும் என்பதுகூட ஒரு பாட்டிக்குத் தெரிந்திருந்தது, அவர் அம்மா சொன்னது. போனபோது பணம் கிடைக்காததால் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகவும் இல்லை. சிலர் எங்கள் ஆட்களோடு, சிலர் அணை வேலைக்கே மேட்டூர் பக்கம், சிலர் மைசூர் தோட்டங்களுக்கு. வரிசை போடவே முடியாதபடி சிதறியிருக்கிறார்கள். இப்போது ஒரே தாளில் இரண்டு வரைபடத்தையும் போட்டிருக்கிறேன். ஓடையின் இடம் இன்னும் தோராயம்தான், உரல் மாதிரி அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

தண்ணீர் திரும்பி வந்தது

ஒரு விஷயத்தை இடையில் சொல்லியே ஆக வேண்டும். நீர்த்தேக்கத்தின் கரையில் குடியேறிய எங்கள் மக்கள் பல காலம் குடித்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் காவிக்கறை படிந்த ஆட்களைப் பார்த்தாலே பென்னாகரம் பக்கமா என்று கேட்பார்கள். முதியவர்கள் பலருக்கு மூட்டும் முதுகும் இறுகிவிட்டன. காவிரித் தண்ணீர் வீட்டுக் குழாயில் வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால்தான். ஜப்பான் கடனுதவியோடு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். காவிரிக்காக ஊரைக் கொடுத்து எழுபத்தொன்பது வருஷம் கழித்து.

இனி எடுக்கும் நிலத்துக்கு

1894 சட்டம் இப்போது இல்லை. 2013-ல் வந்து 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் மறுவாழ்வு, மறுகுடியமர்வு இரண்டையும் பேசுகிறது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், நிலம் இல்லாமல் அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் காலனிக்காரர்களுக்கு அன்று இது இருந்திருந்தால் பெயராவது பதிவாகியிருக்கும். ஆனால் அதே சட்டத்தின் ஆறாம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வேறு சட்டப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பாசனத் திட்டம் என்றால் சமூகத் தாக்க மதிப்பீட்டு விதிகள் பொருந்தாது. அணையும் கால்வாயும் கட்டும்போதுதான் ஊர்கள் அதிகம் போகின்றன, அந்த இடம் பார்த்து விலக்கு வைத்திருக்கிறார்கள். மரம், பறவை, மீன் பற்றி அறிக்கை வரும். அடுப்பு வரிசை பற்றி வராது.

தென்பெண்ணையில் எண்ணேகொல்புதூர் தடுப்பணையிலிருந்து கால்வாய் வெட்டி, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ஏரிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு நிலம் எடுக்கும் வேலை நடக்கிறது. இந்தத் தடவை தண்ணீர் நம் ஏரிக்கே வருகிறது, அதனால் நான் எதிர்க்கவில்லை, பாரூர் பெரிய ஏரியைப் பார்த்து வளர்ந்த யாரும் எதிர்க்க மாட்டார்கள். கால்வாய் அகலம் கொஞ்சம்தான், முழு ஊர் போகாது. வழியில் வரும் கொட்டாய் வீடுகளும் களமும் குலதெய்வக் கல்லும் போகும்.

அந்த வழியில் இருக்கும் ஊர்களில் செல்போன் இல்லாத வீடு இல்லை. அளவுக்கல் நடுவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீடியோ எடுத்துக்கொண்டே நடந்தால், இது யார் வீடு, இது யார் கிணறு, இந்த மரத்தடியில் என்ன நடக்கும் என்று கூடவே ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டு வந்தால், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலனியிலிருந்து தொடங்கி நடங்கள், ஊரிலிருந்து தொடங்கினால் அங்கே போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். பதிவை ஒருவர் போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் தண்ணீரில் விழும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி எழுத்து மூலமாகக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். அவருக்கு அதை எந்தப் பதிவேட்டில் வைப்பது என்று தெரியாது. பரவாயில்லை, வைக்கட்டும்.